பத்தொன்பதாவது தகடு

“இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று.”

எறும்பு மூன்றாவது முறையாக எண்ணி முடித்தாள். தட்டில் முப்பத்திரண்டு தகடுகள் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தது.

எறும்பு என்பது அவளுடைய பட்டப்பெயர். வயது பத்து. எதையாவது தூக்கிக்கொண்டு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டே இருப்பதால் அம்மா அப்படிக் கூப்பிடுவாள்.

அம்மா பெயர் பொறிக்கும் கடை வைத்திருந்தாள். கோப்பை, பதக்கம், வாசலில் மாட்டும் பெயர்ப்பலகை என்று எது வந்தாலும் பொறித்துக் கொடுப்பாள். ஆனால் அன்று மேசைமேல் இருந்தது சாதாரணக் கோப்பை இல்லை. அது வெள்ளிப் பந்து!

பெண்கள் கால்பந்து லீக்கில் ஆண்டுக்கு ஒருவருக்கு மட்டும் கிடைக்கும் விருது அது. யாருக்கு என்று வீராங்கனைகளே ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். பந்தைத் தாங்கும் மரப்பீடத்தைச் சுற்றிச் சுற்றி, ஆண்டுக்கு ஒன்றாகப் பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஏழாம் ஆண்டுத் தகட்டில் மட்டும் இரண்டு பெயர்கள். ஓட்டு சமமாக விழுந்துவிட்டதாம். பதினோராம் ஆண்டுத் தகட்டில் பெயரே இல்லை. மைதானங்களில் வெள்ளம் புகுந்து ஆட்டமே நடக்கவில்லையாம்.

பழைய தகடுகளைக் கழற்றித் துடைக்க வேண்டும். இந்த ஆண்டின் புதுத் தகட்டைப் பொறிக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒட்டி, மாலை நான்கு மணிக்குக் கொடுத்துவிட வேண்டும். இந்த வேலை அம்மாவிடம் வந்தது இதுதான் முதல் தடவை.

“இதுல சொதப்பினா அவ்வளவுதான். ஊரெல்லாம் பேசுவாங்க,” என்று காலையிலேயே அம்மா சொல்லியிருந்தாள். “நீ தகட்டை மட்டும் துடைச்சு வரிசையா வை. பின்னாடி பழைய பசை இருக்கு, தொடாதே. மெஷின் ஓடும்போது என்னைக் கூப்பிடவே கூடாது.”

எறும்பும் ஒழுங்காகத்தான் துடைத்தாள். கூரியர் அக்கா வரும்வரை.

“பதக்கப் பெட்டி ரெடியா? வண்டியை நடுரோட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்!” என்று அக்கா அவசரப்படுத்தினாள். எறும்பு அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்தாள். முழங்கை தட்டில் இடித்தது. சலசலவென்று தகடுகள் மேசையிலும் தரையிலும் சிதறின. அவள் பெட்டியை மேசைமேல் தொப்பென்று வைத்துவிட்டுக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெட்டியோடு போய்விட்டாள்.

இப்போது முப்பத்தொன்று.

மேசைக்கடியில் தவழ்ந்து பார்த்தாள். குப்பைக்கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். துடைப்பத்தின் ஈர்க்குகளைக்கூடப் பிரித்துப் பார்த்தாள். மூன்று திருகாணிகளும், போன மாதம் தொலைந்த அவளுடைய அழிப்பானும் கிடைத்தன. தகடு கிடைக்கவில்லை.

எந்த ஆண்டு? வரிசையாக அடுக்கினாள். பதினேழு, பதினெட்டு, இருபது. பத்தொன்பதைக் காணோம்.

விருதோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்திருந்தது. அதில் பத்தொன்பதாம் ஆண்டைத் தேடினாள். கோல்கீப்பராக இருந்து இந்த விருதை வாங்கிய ஒரே ஆள். கோல் கம்பத்தோடு கம்பமாக ஒட்டிக்கொண்டு நிற்பாராம். அதனால் ரசிகர்கள் வைத்த பெயர் ‘பல்லி’. அடுத்த ஆண்டே முழங்கால் உடைந்தது. அதன்பிறகு அவர் ஆடவே இல்லை. அவ்வளவுதான், நாலே வரி.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது.

“துடைச்சாச்சா?” என்று கேட்டபடி அம்மா வந்தாள்.

“ஆச்சு.”

அந்தப் பொய் எப்படி வாயிலிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. தகடுகளை இடைவெளி தெரியாமல் நெருக்கி வைத்திருந்தாள். நாலு வரிதானே? யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?

அம்மா பீடத்தில் பசை தடவி ஒட்ட ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. விரல்கள் வேகமாக நகர்ந்தன. எறும்பு மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள். பதினைந்து. பதினாறு. ஒரே ஒரு வருஷம் ஜெயித்த ஒருத்தர். அவருடைய பெயரை இந்தப் பீடத்திலிருந்து நான் அழிக்கப் போகிறேன். பதினேழு. பதினெட்டு. அம்மாவின் கை அடுத்த தகட்டை எடுத்தது.

“அம்மா, நிறுத்தும்மா! பத்தொன்பதைக் காணோம். நான்தான் தொலைச்சிட்டேன்!”

அம்மா திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த குச்சியிலிருந்து பசை மேசையில் சொட்டுவதைக்கூடக் கவனிக்கவில்லை. அம்மாவுக்கும் பயம் வரும் என்று எறும்புக்கு அப்போதுதான் தெரிந்தது.

“புதுசா ஒண்ணு பொறிச்சிட முடியாதா?” என்று மெல்லக் கேட்டாள்.

“பழசெல்லாம் கையால பொறிச்சது. மெஷின் எழுத்து தனியாத் தெரியும். அதோட, அது அவங்க தகடு. அதுக்குப் பதிலா வேற ஒண்ணை நாம எப்படி வைக்கறது?” அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே கால். “எப்போ விழுந்துச்சு? ஒண்ணு விடாம சொல்லு.”

எறும்பு சொல்லத் தொடங்கினாள். முழங்கை, தட்டு, தரை. “பொறுக்கும்போது ஒரு தகடு என் உள்ளங்கையில ஒட்டிக்கிச்சு. உதறினாலும் விழல, அந்தப் பசை...” சட்டென்று நிறுத்தினாள். “அம்மா! பெட்டி! நான் பெட்டியை மேசைமேலதானே வெச்சேன்? அதோட அடியில ஒட்டிட்டுப் போயிருந்தா?”

கூரியர் அக்காவுக்குப் போன் அடித்தார்கள். எடுக்கவில்லை. ரசீதில் முகவரி இருந்தது. ஆறேழு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடம். இன்று அங்கே விளையாட்டு விழா.

அம்மா ஸ்கூட்டரைக் கிளப்பினாள். எறும்பு பின்னால் உட்கார்ந்து அம்மாவின் இடுப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பெட்டியைக் கசக்கிக் குப்பையில் போட்டிருந்தால்? தகடு வழியிலேயே விழுந்திருந்தால்? ரோட்டில் மின்னிய ஒவ்வொரு பாட்டில் மூடியும் அவளுக்குத் தகடாகவே தெரிந்தது.

பள்ளி மைதானத்தில் பதக்கங்கள் எல்லாம் குழந்தைகளின் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தன.

“பெட்டியா? காலிப் பெட்டியை இங்கதான் எங்கேயோ போட்டேன்,” என்றார் விளையாட்டு ஆசிரியர். “இல்ல, குப்பை வண்டிக்காரர் எடுத்துட்டுப் போயிட்டாரோ?”

அப்போது மரத்தடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“பாம்! பாம்! வழி விடுங்க!”

ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி அடிப்பக்கம் பிரித்த அட்டைப்பெட்டிக்குள் நின்று, அதை இடுப்பளவு தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்துகொண்டிருந்தாள். பெட்டியின் முன்பக்கம் ஏதோ பளபளத்தது.

எறும்பு பாய்ந்து போய்ப் பார்த்தாள். பத்தொன்பதாம் ஆண்டு!

“பாப்பா, இது என்னோடது. குடுத்துடு.”

“இது பஸ்ஸோட நம்பர் பிளேட்டு! அடியில ஒட்டியிருந்துச்சு. நான்தான் பிச்சு முன்னாடி ஒட்டினேன். நம்பர் பிளேட்டு இல்லாம பஸ் ஓட்டினா போலீஸ் பிடிக்கும்.” சிறுமி தகட்டை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

எறும்புக்குக் கை துறுதுறுத்தது. ஓர் இழுப்பில் பிடுங்கிவிடலாம். ஆனால் தகடு காகிதம் போல மெல்லியது, வளைந்தால் போச்சு. அந்தக் குட்டிப்பெண்ணின் உதடு வேறு இப்போதே பிதுங்க ஆரம்பித்திருந்தது. தூரத்தில் அம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எறும்பு மூச்சை இழுத்துவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

“டிரைவரம்மா, இது பழைய நம்பர் பிளேட்டு. எழுத்து பாருங்க, எவ்வளவு சின்னதா இருக்கு. போலீசுக்குக் கண்ணே தெரியாது. உங்களுக்குப் பெருசா, புதுசா ஒண்ணு எழுதித் தரட்டுமா? பின்பக்கமும் சேர்த்து?”

சிறுமி யோசித்தாள். “பின்னாடியுமா?”

“பின்னாடியும்தான்.”

“சிவப்புல?”

விளையாட்டு ஆசிரியரிடம் சிவப்புப் பேனா இருந்தது. எறும்பு அவசர அவசரமாக எழுதியதில் எண்கள் கொஞ்சம் ஆடித்தான் வந்தன. ‘வேகமா ஓடுறதால நம்பரும் ஆடுது’ என்று டிரைவரம்மாவே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பிறகு தகட்டின் ஓரத்தை மெதுவாக உரித்து, எறும்பின் கையில் வைத்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசித் தகட்டை அம்மா ஒட்டினாள். சரியாக நான்குக்கு லீக் அலுவலர் வந்தார். நரைத்த முடி, நிமிர்ந்த நடை, கழுத்தில் அடையாள அட்டை. அந்தக் காலத்தில் அவரும் லீக்கில் ஆடியவர்தானாம். அவர் கையெழுத்துப் போடுவதற்கு முன், பீடத்தைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படித்தார்.

பதினேழு. பதினெட்டு. பத்தொன்பதில் அவருடைய விரல் நின்றது.

எறும்பு எட்டிப் பார்த்தாள்.

“என்னோட பெனால்டியைப் பிடிச்சவ,” என்றார் அலுவலர். “கடைசி நிமிஷம். அவ மட்டும் பிடிக்காம இருந்திருந்தா எங்களுக்குத்தான் கோப்பை. அன்னிக்கு பூரா அழுதேன். ஆனா மறுநாள் என் ஓட்டை இவளுக்குத்தான் போட்டேன்.”

அம்மா எறும்பைப் பார்த்தாள். எறும்பின் வாய் தானாகத் திறந்தது.

“மேடம், அந்தத் தகடு இன்னிக்குக் கொஞ்ச நேரம் காணாமப் போச்சு. நான்தான் காரணம். அது... ஒரு பஸ்ஸுல நம்பர் பிளேட்டா இருந்துச்சு.”

அலுவலர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். பிறகு கட்டைவிரலால் தகட்டை அழுத்தினார். அது அசையவில்லை.

“பஸ்லயா?” என்றார்.

“அட்டைப்பெட்டி பஸ்.”

அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. எறும்பு ஒரு கணம் பயந்தே போனாள். அப்புறம்தான் அது சிரிப்பு என்று புரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இதை அவகிட்ட போன் பண்ணிச் சொல்லியே ஆகணும்,” என்றார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து படித்தார். “இருபதாம் ஆண்டு...”

முப்பத்துமூன்றுவரை படித்து முடித்து, கையெழுத்துப் போட்டார். அடுத்த ஆண்டு ஒரு வாரம் முன்னதாகவே கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அவருடைய வண்டி தெருமுனையில் திரும்பியதும் அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். எறும்பும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மத்தியானம் என்ன சாப்பிட்ட?” என்று அம்மா கேட்டாள்.

“ஒண்ணும் சாப்பிடலை.”

“நானும்தான்.”

இருவரும் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு, ஆறிப்போன சாப்பாட்டை ஒரே டப்பாவில் போட்டிபோட்டுச் சாப்பிட்டார்கள். அத்தனை ருசியாக அவர்கள் சாப்பிட்டு ரொம்ப நாளாயிற்று.