மாடி வீட்டுக்கு ஒரே ஆள்

மாடிக்குக் குடிவந்த டிரேவர் கேட்டைச் சாத்திவிட்டு வேலைக்குப் போன பிறகுதான் மாடியில் நடமாட்டம் ஆரம்பித்தது.

ஞானம்மாள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள். ஒருவர் நடக்கும் சத்தமில்லை அது. ஈரக் காலோடு பலர் சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி வருவதுபோல, தப்தப்பென்று, ஹாலிலிருந்து படுக்கையறைக்கும் அங்கிருந்து அவள் தலைக்கு நேர் மேலே இருந்த சமையலறைக்கும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. கூடவே, படிக்கட்டு வழியாகப் பாசி பிடித்த தொட்டியின் வாடையும் இறங்கி வந்தது.

தங்கவயலில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு ஜீவனஹள்ளியில் அவள் கட்டிய வீடு. மாடியை வாடகைக்கு விடுவது இதுதான் முதல் தடவை. தம்பி சாமுவேல் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

"அக்கா, அந்த ஆள் முன்னாடி இருந்த வீட்டு ஓனர்கிட்ட ஒரு போன் போட்டு விசாரிச்சிடு. போலீஸ் வெரிஃபிகேஷன் பண்ணு. எத்தன பேருன்னு அக்ரிமென்ட்ல எழுதிக்கோ."

கடைசியை மட்டும்தான் செய்தாள். ஒரு நபர். டிரேவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

அன்று சாயங்காலம் அவனைப் படிக்கட்டில் மறித்தாள்.

"மேல யாருப்பா இருக்காங்க?"

"நான் மட்டும்தான், ஆன்ட்டி."

"பகல்ல சத்தம் கேக்குதே. நான் வந்து பாக்கணும்."

அவன் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. "நெனச்சப்பல்லாம் வர முடியாது. ஒரு நாள் முன்னாடி சொல்லணும்னு அக்ரிமென்ட்ல இருக்கு. நாளைக்கு நாலு மணிக்கு வாங்க. அவங்ககிட்டயும் சொல்லி வெக்கிறேன்."

"யார்கிட்ட?"

அவன் விறுவிறுவென்று மேலே ஏறி, பின்னால் வந்த அவள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினான்.

மறுநாள் மழை இருட்டிக்கொண்டு வந்தது. நாலு மணிக்கு மேலே போனாள். கதவு திறந்தே இருந்தது. கட்டில் இல்லை, அடுப்பு இல்லை, ஒரு பாய்கூட இல்லை. அவள் புதிதாக வெள்ளையடித்துக் கொடுத்த சுவரில் மட்டும், இடுப்பு உயரத்தில், கைகள் தேய்த்துத் தேய்த்துக் கறுத்த பட்டை ஒன்று அறை அறையாக ஓடியது. ஆள் இல்லை. சத்தமும் இல்லை.

திரும்பினாள். டிரேவர் வாசலை அடைத்து நின்றான்.

"எங்கப்பா அவங்க?"

"நீங்க எங்க வீட்டப் பாக்க வந்தீங்கல்ல? அவங்க உங்க வீட்டப் பாக்கப் போயிருக்காங்க."

கீழே. அவளுடைய ஹாலில். தப்தப்.

அவனைத் தள்ளிக்கொண்டு இறங்கினாள். வாசலில் ஈரக் கால் தடங்கள். சின்னவை. பெரியவை. எல்லாம் உள்ளே போனவை.

கதவைத் தள்ளினாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

உள்ளே போன் அடித்தது. யாரோ எடுத்தார்கள்.

"சொல்லு சாமுவேலு." அவளுடைய குரல். அதே இழுப்பு. "ஆமாப்பா, மாடியப் பாத்துட்டேன். ஒண்ணும் இல்ல. நீ வராத."

ஞானம்மாள் கத்த வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது.

ஜன்னலில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். ஹாலின் நான்கு சுவரிலும், இடைவெளியே இல்லாமல், முகத்தைச் சுவரில் பதித்தபடி நின்றார்கள். நடுவே, அவளுடைய சேலையைச் சுற்றிக்கொண்டு ஒருத்தி, போனைக் காதில் வைத்தபடி, ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.