சாக்பீஸ் வட்டங்கள்

முந்தின நாள் சாக்பீஸால் போட்ட வட்டத்துக்குள் சுவர் கெட்டியாக இருந்தது. அதுதான் அவனுக்கு எங்கோ இடித்தது.

சுத்தியல் காம்பால் இன்னொரு முறை தட்டினான். டொக், டொக். நேற்று இதே இடத்தில் காலிப் பெட்டியைத் தட்டினாற்போல் சத்தம் வந்தது. பூச்சு செங்கல்லை விட்டுப் பிரிந்துவிட்டது, பெயர்த்துப் பூச வேண்டுமே என்று அலுத்துக்கொண்டுதான் வட்டம் போட்டிருந்தான். பிரிந்த பூச்சு தானாக ஒட்டிக்கொள்ளுமா? ஒரு முழம் மேலே தட்டினான், நேற்றைய அதே காலிச் சத்தம். பொத்.

வெளிச்சுவர் முழுக்கச் சொரசொரப்பான பூச்சு, எலிகளுக்கு ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி. மாடியில் மகள் படுக்கும் அறை ஜன்னல் வரைக்கும் அவை ஏறி வருகின்றன என்று மனைவி ஒரு மாதமாக அவனை நிம்மதியாக இருக்கவிடவில்லை. மேஸ்திரி வந்து, படர்ந்திருந்த கொடியை வெட்டச் சொன்னார். வீட்டைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில் வழவழவென்று ஒரு சிமென்ட் பட்டை இழைத்துக் கொடுத்தார். இனி எந்த எலிக்கும் அதில் கால் நிற்காது என்றார். சுவரடியில் இருந்த பொந்தை மட்டும் அவனிடம் விட்டுவிட்டு, கிளம்பும்போது ஒன்று சொன்னார்.

"சார், அடைக்கறதுக்கு முன்னாடி காகிதத்தைக் கசக்கித் திணிச்சு வைங்க. மறுநாள் அது அப்படியே இருந்தா அடைங்க. வெளிய தள்ளியிருந்தா அடைக்காதீங்க. உள்ள இருக்கறது முதல்ல போகட்டும்."

மறுநாள் காகிதம் வெளியே கிடந்தது. காற்று தள்ளியிருக்கும் என்று அவன் தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டான். மழை வேறு வரும்போலிருந்தது, சிமென்ட்டையும் கலந்தாயிற்று. கம்பிப் பஞ்சைத் திணித்து, மேலே பூசி மெழுகிவிட்டான்.

இப்போது அந்தச் சுவர் முன்னால் நின்றிருந்தான். மனைவி வேலையிலிருந்து வர இன்னும் நேரம் இருந்தது. பள்ளி விட்டு வந்த மகள் மாடியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மேகம் கூடிச் சாயங்காலமே இருட்டிக்கொண்டு வர, ஈரச் சிமென்ட் வாடையோடு, காயாத முடியைப் போலப் புழுங்கிய இன்னொரு வாடையும் சுவரிலிருந்து கசிந்து அவன் மூக்கில் ஏறியது. காலியான இடத்தைச் சுற்றிப் புது வட்டம் போட்டான். நேற்றையதைவிட அகலம். எலி இத்தனை அகலம் இருக்காது.

ஏணியை எடுத்து வந்து சாத்தி, மறுபடி தட்டினான். புது வட்டமும் கெட்டியாகிவிட்டிருந்தது. அதற்கும் மேலே, பொத்.

வெளியே ஏற வழியில்லாமல் செய்தாயிற்று. அதனால் அது பூச்சுக்கு அடியில் ஏறுகிறது. அவன் காதை வைத்துக் கேட்டான். உள்ளே ஏதோ உரசிக்கொண்டிருந்தது, சட்டென்று நின்றது. அவன் மூச்சு விடுவதை அதுவும் கேட்கிறது என்று தோன்றியது.

ஒரு படி ஏறித் தட்டினான். பொத். இன்னொரு படி. பொத். ஜன்னலின் அடி. பொத்.

மறுபடி தட்டினான். டொக்.

இடப்பக்கம். டொக். வலப்பக்கம். டொக்.

வெளியே எங்கும் இல்லை.

ஏணியிலிருந்து குதித்தான். கணுக்கால் பிசகியது. படிக்கட்டு. கதவு. அறை.

மகள் சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தாள், கன்னம் பூச்சில் அழுந்த. அவளைத் தாண்டிக் கையை நீட்டித் தட்டினான். டொக். தலைமாட்டில், கால்மாட்டில், எட்டிய உயரம் வரைக்கும். எல்லாம் கெட்டி. நிம்மதியில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்து, தினமும் எழுப்புவதுபோல அவள் முதுகில் மெல்லத் தட்டினான்.

பொத்.

கை அப்படியே நின்றது. அதே இடத்தில் இன்னொரு முறை தட்டினான். முதுகு கெட்டியாக இருந்தது. தோள்பட்டைகளுக்கு நடுவே தட்டினான்.

பொத்.

"இன்னும் மேலப்பா," என்றாள் மகள், கண்ணைத் திறக்காமல்.