தனசேகர் ஏன் பேசாமல் போனான்?

துர்காதேவி சட்னி தாளித்துக்கொண்டிருந்த நேரத்தில் நகரியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த சந்தியா வாசலில் நின்றாள். திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் துர்காதேவி ஹார்டுவேர் பாடம் நடத்துகிறாள். சந்தியா அவளிடம் படித்தவள். துர்காதேவியின் கணவர் கோபிகிருஷ்ணன் பாங்கில் குமாஸ்தா. ஆனால் தன்னைப் பெரிய துப்பறிவாளர் என்று அவர் மட்டும் நம்பிக்கொண்டிருந்தார். பெண்ணின் முகத்தைப் பார்த்ததுமே பேப்பரை மடித்து வைத்துவிட்டார்.

"மேடம், புது கம்ப்யூட்டர். போன வாரம் வாங்கினது, மறுநாளே ஓடல" என்றாள் சந்தியா.

"யார் அசெம்பிள் பண்ணது?"

"எங்க பஸ் ஸ்டாண்ட் பக்கம் கடை வெச்சிருக்கற தனசேகர். மெட்ராஸ்லருந்து பார்ட்ஸ் வாங்கியாந்து எங்க கண்ணு முன்னாலதான் பூட்டினான். ஸ்க்ரூவைக்கூட கையாலயே முடுக்கினான். சாயந்திரம் நல்லா ஓடிச்சு. காலைல பாத்தா ஃபேன் சுத்துது, பீப் பீப்னு கத்திக்கினே இருக்குது, ஸ்க்ரீன்ல ஒண்ணும் வரல. பழைய மெமரியைப் போட்டு ஏமாத்திட்டான்னு நினைச்சேன். அவனைக் கூப்ட்டு, தெருவே கூடி நிக்கறப்போ திருடன்னு கத்திட்டேன்."

"அதுக்கு அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணுமே சொல்லல மேடம். பெட்டியைத் திறக்கப் பாத்தான், ஸ்க்ரூ வரல. எங்க நைனாவோட தறி ஸ்பேனரைக் கேட்டு வாங்கித்தான் திறந்தான். உள்ள பாத்தான். நிமிந்து பாத்தான். மூடிட்டுப் பேசாமப் போயிட்டான்."

"பதில் இருந்தா சொல்லியிருப்பான். இல்லாததாலதான் போயிட்டான். கேஸ் முடிஞ்சது" என்றார் கோபிகிருஷ்ணன்.

சந்தியா தலையைக் குனிந்துகொண்டாள். "அதுக்கப்புறம் யாருமே அவன் கடைக்குப் போகல சார். இன்னிக்கு மத்தியானம் கடையைக் காலி பண்ணிட்டு மெட்ராஸ் பஸ் ஏறப்போறானாம். அதைக் கேட்டதும் முதல் பஸ் பிடிச்சு வந்துட்டேன். நான் சொன்னது தப்பா இருந்தா என்ன பண்றது?"

துர்காதேவி அடுப்பை அணைத்தாள். மூன்று பேரும் நகரிக்கு பஸ் ஏறினார்கள்.

நகரி வீட்டில் முன்னறையில் கம்ப்யூட்டர் இருந்தது, பின்னறையில் இரண்டு விசைத்தறிகள். தறிகளை நிறுத்திவிட்டு வந்த சந்தியாவின் அப்பா சிவசங்கரன், கழிவு நூலால் கையைத் துடைத்தபடி வாசற்படியிலேயே நின்றார். உள்ளே வரவில்லை. அம்மா ருக்மணி காபி கொண்டுவந்தாள். கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியில் குங்குமப் பொட்டு இருந்ததைக் கோபிகிருஷ்ணன் பார்த்துவிட்டார்.

"துர்கா! பூஜை! குங்குமம் உள்ள கொட்டியிருக்கு!"

"பொட்டு வெளியிலதான் இருக்கு. நீங்க காபி சாப்பிடுங்க" என்றாள் துர்காதேவி.

அவள் பெட்டியைத் திறந்து குனிந்து முகர்ந்தாள். ஃபேனின் நடுவில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு மெமரியைக் கழற்றி, அதன் பற்களை ஸ்பிரிட்டால் துடைத்து, அது உட்காரும் பள்ளத்திலிருந்து ஊசியால் எதையோ நோண்டி எடுத்தாள். மெமரியைத் திரும்ப அழுத்திப் பூட்டி சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு பீப். திரை வெளிச்சமானது.

சந்தியா கைதட்டப் போனாள். பாதியில் கை நின்றுவிட்டது. "அப்போ பழைய மெமரி இல்லியா மேடம்?"

"புத்தம் புதுசு. தனசேகர் கையால முடுக்கின ஸ்க்ரூ மறுநாள் அவனுக்கே வரலன்னு நீதானே சொன்ன? அப்போ நடுவுல வேற யாரோ பெட்டியைத் திறந்து, ஸ்பேனர் போட்டு இறுக்கி மூடியிருக்காங்க. ஃபேன்ல எண்ணெய் இருக்கு. கீழ சிந்தினதைத் துடைச்சப்போ மெமரி அசைஞ்சிருக்கு. பள்ளத்துல நூலும் பிசுக்கும் சிக்கியிருக்கு." அவள் உள்ளங்கையில் எண்ணெயில் ஊறிய பஞ்சு இழை இருந்தது. "கம்ப்யூட்டர் தொழில்ல யாரும் புது ஃபேனுக்கு எண்ணெய் விடமாட்டாங்க. எந்தத் தொழில்ல புது மிஷினுக்கு எண்ணெய் விடாம ஓட்டமாட்டாங்க?"

எல்லாரும் வாசற்படியைப் பார்த்தார்கள். சிவசங்கரன் கையிலிருந்த நூலைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"கிர்ர்னு சத்தம் வந்துச்சும்மா" என்றார் மகளிடம். "புதுத் தறி எறக்கினா எண்ணெ வுட்டுத்தானே ஓட்டுவோம்? நல்லதுக்குன்னுதான் காலைல எல்லாருக்கும் முன்ன எந்திரிச்சு வுட்டேன். அது ஓடலன்னதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ அந்தப் பையனத் திட்டறச்சே வாயத் தொறக்கணும்னுதான் பாத்தேன். தெருவே நின்னுக்கினு இருந்துச்சு. எம்பொண்ணு கம்ப்யூட்டர் படிச்சவன்னு பீத்திக்கினு திரிஞ்சவன், அதுல எண்ணெய ஊத்திக் கெடுத்தேன்னு எப்டிச் சொல்லுவேன்?"

ருக்மணி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். கோபிகிருஷ்ணனுக்குத் தன் காபி டம்ளரைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

"நான் இதை வீட்டுக்குள்ள சொல்லிட்டேன்" என்றாள் துர்காதேவி. "அவனைத் திருடன்னு சொன்னது தெருவுல."

சிவசங்கரன் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். சந்தியா பின்னாலேயே ஓடினாள்.

பஸ் ஸ்டாண்டில் தனசேகர் பையோடு நின்றிருந்தான். மெட்ராஸ் பஸ் உறுமிக்கொண்டிருந்தது. சிவசங்கரன் அவன் எதிரில் போய் நின்று, "தப்பு என்னுதுப்பா. நான்தான் எண்ணெ வுட்டுக் கெடுத்தேன்" என்றார்.

"தெரியும் மாமா" என்றான் தனசேகர்.

சந்தியா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"திறந்ததுமே வாசனை வந்துச்சு. உங்களப் பாத்தேன். நீங்க தரையப் பாத்தீங்க. பொண்ணு முன்னால உங்களக் காட்டிக்குடுக்க மனசு வரல. நீங்களே சொல்லுவீங்கன்னு கொஞ்ச நேரம் நின்னேன்."

சிவசங்கரன் அவன் கையைப் பிடிக்கப் போனார். அவன் கொடுக்கவில்லை.

"இங்க சொன்னா பத்தாது மாமா. உங்க தெருவுல வந்து சொல்லுங்க. எங்கம்மா அங்கதான் பூ விக்குது."

பஸ் அவனை விட்டுவிட்டுக் கிளம்பியது. மூன்று பேரும் நடந்தார்கள். தெருமுனையில் தனசேகரின் அம்மா மணியம்மா பூக்கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கூடை நிறைய பூ இருந்தது, வாங்கத்தான் ஆளில்லை. சிவசங்கரன் அவள் முன்னால் நின்று, நாலு வீட்டுக்குக் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னார். கதவுகள் திறந்தன.

மணியம்மா அவரைப் பார்க்கவே இல்லை. மகனைத்தான் பார்த்தாள்.

"ஏன்டா, எங்கிட்டகூட சொல்லல? நானும் நீ திருடிட்டன்னுதானே நெனச்சுக்கினு இருந்தேன்!"

சிவசங்கரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.