ஏறாத எண்பது ஜிபி

சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு, விழுப்புரத்தில் கலையரசி நடத்தும் கம்ப்யூட்டர் கடைக்குள் புகழேந்தி கத்திக்கொண்டேதான் நுழைந்தார். திண்டிவனத்தில் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருப்பவர். கையில் சிபியு. பின்னால், அழுது முடித்துக் கோபம் மட்டும் மிச்சமிருந்த முகத்தோடு, அவரிடம் எடிட்டிங் செய்யும் அமல்ராணி.

“போன ஞாயித்துக்கிழமை எடுத்த கல்யாணத்தையே இவ தூக்கிட்டா மேடம்! எண்பது ஜிபி! கேமரா கார்டையும் அழிச்சாச்சு, வேற காப்பி கிடையாது. இவதான் எடுத்தான்னு எழுதிக் குடுங்க, நேரா ஸ்டேஷனுக்குப் போறேன்.”

“நான் எதையும் தொடலைங்க” என்றாள் அமல்ராணி.

“பாண்டிச்சேரி ஸ்டூடியோவுல வேலை கெடச்சிருக்காம் மகாராணிக்கு. அங்க காட்டிப் பேர் வாங்கத் தூக்கிக்கினு போறா. காலையிலயே அவங்களுக்குப் போன் போட்டுத் திருடின்னு சொல்லிட்டேன்!”

அதைச் சாதனைபோலச் சொன்னார். ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுக்க ஒரு போன் போதும். அதற்கு முன் ஒரு நிமிடம் யோசிக்க இந்த மனிதருக்குத் தோன்றவில்லை.

கலையரசி அமல்ராணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு ஒயர்களை மாட்டினாள். திரையில் இரண்டு பெயர்கள் வந்தன: ‘ஸ்டூடியோ’, ‘புகழ்’. முதலாவதைத் திறந்தாள்.

“வைரஸ்தான்க்கா!” என்றாள் உதவியாளர் அஸ்வினி. அவளுக்குக் கரண்ட் போனாலும் வைரஸ்தான்.

“ஃபோல்டர் பேரெல்லாம் படிச்சுக்கினே அளவைக் கூட்டு” என்ற கலையரசி அமல்ராணி பக்கம் திரும்பினாள். “இந்த டிஸ்க்ல காலியிடம் எவ்ளோ இருந்துச்சும்மா?”

“கல்யாணத்தை ஏத்தறதுக்கு முன்னாடி தொண்ணூறு ஜிபிங்க. ஏத்தின பிறகு பத்து.”

“இப்பவும் பத்துதான்க்கா” என்ற அஸ்வினி படிக்கத் தொடங்கினாள். “மயிலம், கும்பாபிஷேகம், கண்டாச்சிபுரம், செஞ்சி…”

“அது இன்னொரு அக்கிரமம்!” என்று புகழேந்தி மேசையைத் தட்டினார். “நேத்து வெள்ளிக்கிழமை, கடையில விளக்கேத்தி சாமி கும்பிட்டுட்டு, இடம் வேணுமேன்னு என் பேர்ல உள்ள போய், பிரம்மதேசம் கோயில் பழைய வீடியோவை நானே டெலிட் பண்ணேன். காலியிடம் ஒரு ஜிபிகூட ஏறல! காலையில பார்த்தா கல்யாணத்தையும் காணோம். என்னமோ பண்ணி வச்சிக்கீறா.”

கலையரசியின் கை மவுஸில் ஒரு கணம் நின்றது.

“ரீசைக்கிள் பின் பார்த்தீங்களா?”

“பார்த்தேனே, காலி. இதோ, இந்த ஸ்டூடியோ பேர்லதான்.”

“நீ எப்படிம்மா டெலிட் பண்ணுவ?”

“ஷிப்ட் கீயை அமுக்கிதாங்க. அந்தக் குப்பைத்தொட்டியில தங்காம ஒரேயடியா போயிடும். எங்களுக்கு எப்பவும் இடம் பத்தாது” என்றாள் அமல்ராணி.

அஸ்வினி நிமிர்ந்தாள். “அக்கா, எல்லாத்தையும் கூட்டினாலும் எண்பது ஜிபி இடிக்குது. இடம் பிடிச்சிருக்கு, ஆளைக் காணோம்.”

கலையரசி நாற்காலியைப் புகழேந்தி பக்கம் திருப்பினாள்.

“இவ அழிச்சிருந்தா ஷிப்ட்டோட அழிச்சிருப்பா. காலியிடம் தொண்ணூறுக்கு ஏறியிருக்கும். ஏறல. அப்ப கல்யாணம் இந்த டிஸ்க்லதான் இருக்கு. யாரோ தொட்டியில போட்டுட்டுக் கொட்டாம விட்டிருக்காங்க.”

“தொட்டிதான் காலின்னேனே!”

“ஸ்டூடியோ தொட்டி காலி. இதுல ஆளுக்கு ஒரு தொட்டிங்க. ஒருத்தர் போட்டது இன்னொருத்தர் கண்ணுக்குத் தெரியாது. சரி, கோயில் வீடியோ ‘கும்பாபிஷேகம்’னு இதோ அப்படியே இருக்கே. நீங்க நேத்து எதை அழிச்சீங்க?”

புகழேந்தி திரையருகே குனிந்து அந்தப் பெயரை மறுபடி படித்தார். கலையரசி அமல்ராணியிடம் திரும்பினாள்.

“கல்யாண ஃபோல்டருக்கு என்னம்மா பேர் வச்ச?”

“பிரம்மதேசம். பொண்ணோட ஊர்” என்றாள் அமல்ராணி. “கல்யாணத்துக்குப் பொண்ணு ஊர் பேர்தான் வைக்கணும்னு சட்டம் போட்டதே சார்தான்.”

புகழேந்தி தன் கையாலேயே ‘புகழ்’ என்ற பெயரைத் திறந்தார். பாஸ்வேர்டை இரண்டு முறை தப்பாக அடித்தார். அவருடைய தொட்டியில் ஒரே ஒரு ஃபோல்டர் கிடந்தது: பிரம்மதேசம், எண்பது ஜிபி, வெள்ளிக்கிழமை மாலை ஆறு நாற்பது.

“கொட்டியிருந்தா கல்யாணம் போயே போயிருக்கும்” என்றாள் கலையரசி. “ஏன் கொட்டல?”

“விளக்கு வச்சாச்சே” என்று அவர் முனகினார். “விளக்கு வச்ச பிறகு குப்பை கொட்டக் கூடாது. காலையில கொட்டிக்கலாம்னு விட்டேன். இவளைத் திட்டுனதுல மறந்துட்டேன்.”

அஸ்வினிக்குச் சிரிப்பு வந்தது. அமல்ராணியின் முகத்தைப் பார்த்ததும் அடங்கியது. ஒரு தொட்டிக்குக் காட்டிய பொறுமையைத் தனக்குக் காட்டவில்லையே என்று அந்தப் பெண் கொதித்துக்கொண்டிருந்தாள்.

கலையரசி ஃபோல்டரைப் பழைய இடத்துக்கே மீட்டாள். மணமகள் திரையில் சிரித்தாள். புகழேந்திக்கு மூச்சு வந்தது.

“சரி விடும்மா. திங்கக்கிழமை எப்பவும்போல வேலைக்கு வந்துடு.”

அமல்ராணி எழுந்தாள். “போனை எடுங்க சார். காலையில பேசுன அதே நம்பர். ஸ்பீக்கர்ல போடுங்க.”

அவர் கலையரசியைப் பார்த்தார். கலையரசி ஒயர் சுற்றிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் போட்டார்.

“சார், அந்தப் பொண்ணு விஷயத்துல ஒரு தப்பு நடந்துடுச்சு…”

“தானா நடக்கல” என்றாள் அமல்ராணி. “யார் பண்ணதுன்னு சொல்லுங்க.”

புகழேந்தி போனை வாயருகே கொண்டுபோனார். “நான்தான் அழிச்சேன். அவ திருடல.”

“சத்தமா சார். திருடின்னு சொன்னப்ப தெருவுக்கே கேட்டுது.”