உதிராத தோல்

அந்தத் துணுக்கு நோயாளியுடையது அல்ல.

கண்ணாடிச் சில்லின் நடுவில் நோயாளியின் முழங்கைத் தோல் இளஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சாயமேறி, தன் இடத்தில் ஒழுங்காகக் கிடந்தது. அதிலிருந்து தள்ளி, ஓரத்தில், அழைக்காமல் வந்த விருந்தாளியைப் போல இன்னொரு தோல். பேராசிரியர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மெழுகில் பதித்த தோலை மெல்லிய இழையாகச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்துவது அந்த ஆய்வுக்கூடத்தின் அன்றாட வேலை. தொட்டியில் ஏதேனும் மிச்சம் கிடந்தால் அடுத்தவர் கண்ணாடியில் ஏறிக்கொள்ளும். அதை மிதவை என்பார்கள். மிதவையைப் பார்க்காதே, அது நம் கேஸ் இல்லை என்பதுதான் மாணவர்களுக்கு அவர் சொல்லித்தரும் முதல் பாடம்.

இன்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. மிதவை நோயாளியின் தோலைவிடப் பெரிதாக இருந்தது.

"தொட்டியைக் கழுவினீங்களா, இல்லையா?"

டெக்னீஷியன் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றாள். "கழுவாம இருப்பேனா? என் வீட்டுப் பாத்திரத்தைக்கூட இப்படித் தேய்ச்சதில்ல சார். வேணும்னா அந்தத் தண்ணிய நானே குடிச்சுக் காட்டட்டுமா?"

"குடிக்க வேண்டாம். அப்ப இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"இன்னைக்கு முதல் கேஸே இதுதான். புதுத் தண்ணி, புது பிளேடு. சீவும்போது என் கையில உறையும் இருந்துச்சு. வேண்டாத சொந்தக்காரன் மாதிரி எதுவோ வந்து ஒட்டிக்கிட்டிருக்கு. விடுங்க சார், நாளைக்குப் பொண்ணுக்குப் பேசி முடிக்கப் போறீங்க. முகத்தைக் கொஞ்சம் நல்லா வச்சுக்கங்க."

அவள் சிரித்துக்கொண்டே பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சனிக்கிழமைப் பிற்பகல், கூடத்தில் அவரைத் தவிர வேறு யாருமில்லை. மெழுகின் கொழகொழத்த வாசனையும், பதனத் திரவத்தின் மூக்கரிக்கும் நெடியும், அவற்றுக்கு அடியில், மழையில் நனைந்த செருப்பைப் பெட்டியில் பூட்டி வைத்தது போன்ற ஒரு புளித்த நாற்றமும் மெல்ல எழுந்து மேசையைச் சூழ்ந்தன. அவர் லென்ஸை மாற்றினார்.

மேல்தோலின் செல்கள் செத்து உதிர வேண்டியவை. மனிதன் உயிரோடிருக்கும்வரை ஓசையில்லாமல் உதிர்ந்துகொண்டே இருப்பான், அதுதான் இயற்கை. இந்தத் துணுக்கில் எதுவும் உதிரவில்லை. பசை தடவி ஒட்டிய காகிதக் கட்டைப் போல அடுக்குமேல் அடுக்காக இறுகிக் கிடந்தது. அதற்குக் கீழே, சதை தொடங்க வேண்டிய இடத்தில், இன்னொரு தோல். அதற்கும் கீழே இன்னொன்று.

இந்த நோய்க்கு மருத்துவ உலகம் வைத்திருந்த பெயர், அவர் வீட்டு வாசலில் பித்தளைப் பலகையில் மின்னும் குடும்பப் பெயர்.

கண்டுபிடித்தவர் அவருடைய அப்பா. ஆதரவற்ற ஒரு பெண்ணிடம் முதன்முதலில் கண்டது என்று எழுதி வைத்துப் போனார். அந்தப் பெண் ஆதரவற்றவள் அல்ல. அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. அத்தையைப் பின்கட்டு அறையில் வைத்து, மெத்தையோடு ஒட்டிக்கொண்ட முதுகை அப்பா காலையும் மாலையும் கத்தியால் பிரித்தெடுத்தது வீட்டுக்குள் அடங்கிய சங்கதி. வெளியே ஒருவரும் மூச்சுக் காட்டியதில்லை. அப்பாவுக்குப் பிறகு மகன் அதே நோயின் மீது தன் பெயரையும் பதவியையும் எழுப்பினார். அது பரம்பரையாக வராது என்று கட்டுரைமேல் கட்டுரையாக நிறுவினார். உலகம் ஒப்புக்கொண்டது. அந்த ஒப்புதலின் பலத்தில்தான் அக்கா தங்கைகள் நல்ல இடங்களில் வாழ்க்கைப்பட்டார்கள். நாளை அவர் மகளுக்கும் ஒரு நல்ல இடம் வருகிறது.

எழுந்து பழைய கண்ணாடிச் சில்லுகள் இருந்த அலமாரியைத் திறந்தார். தன் இளமையில் ஆராய்ந்த தோல் ஒன்றை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். நோயாளியின் பகுதியை விட்டுவிட்டு, வாழ்நாளில் முதல் முறையாக, ஓரத்துக்குப் போனார்.

இருந்தது. தூசு போல. நாலைந்து செல்கள்.

இன்னொன்று. அதிலும். சற்றுத் தடித்து.

பிறகு வந்த ஆண்டுகளின் சில்லுகளில் துணுக்குக்கு விளிம்பு வந்திருந்தது, அடுக்கு வந்திருந்தது, ஒன்றில் ஒரு ரோமக்கால்கூட முளைத்திருந்தது. அவர் பெயர் வாங்கிய ஒவ்வொரு ஆராய்ச்சியிலும் அது ஓரமாக உட்கார்ந்து வளர்ந்திருக்கிறது. எத்தனையோ அறிஞர்கள் அந்தச் சில்லுகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். யாரும் ஓரத்தைப் பார்க்கவில்லை. மிதவையைப் பார்க்கக் கூடாது அல்லவா.

இத்தனை பேருடைய தோலிலும் ஒரே அந்நியத் தோல். அத்தனைக்கும் பொதுவாக என்ன இருந்தது?

தொட்டியில் மிதக்கும் இழையின் சுருக்கத்தை நீவிவிட அப்பா கையுறை அணிய மாட்டார். வெறும் விரல் நுனியால்தான் தொடுவார். உறை போட்டால் தோலின் குணம் விரலுக்குத் தெரியாது என்பார். ஆராய்ச்சிக்கான தோலை மட்டும் டெக்னீஷியனிடம் விடாமல் பேராசிரியரும் தானே ஏந்துவார். அப்பாவைப் போலவே. வெறும் விரலால். இன்று காலை, டெக்னீஷியன் அம்மா சீவித் தந்த இழையையும்.

அவர் தன் வலது ஆள்காட்டி விரலைப் பார்த்தார். சுத்தமான விரல். கொஞ்சம் தடித்த விரல். முகர்ந்தார்.

நனைந்த செருப்பு.

பிளேடை எடுத்து நுனியில் சீவினார். வலிக்கவில்லை. இன்னும் ஆழமாகச் சீவினார். ரத்தம் வரவில்லை. சீவிய இடத்தில், கழுவிய கோழித் தோலைப் போல வெளுத்து ஈரமாக, கைரேகையோடு ஒரு புது விரல் நுனி தயாராக இருந்தது. அவர் வாஷ்பேசினுக்கு ஓடிப் போய் வாந்தியெடுத்தார்.

வீட்டில் மனைவி சோபா உறைகளை மாற்றிக்கொண்டிருந்தாள். "என்னங்க, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? பொண்ணைக் கட்டிக் கொடுக்கப் போறோம், கடல்லயா தள்ளப் போறோம்?"

"மத்தியானச் சாப்பாடு ஒத்துக்கல."

"கையைக் காட்டுங்க. ஐயோ, இது என்ன உள்ளங்கை இப்படி வரட்டி மாதிரி இருக்கு? ஊருக்கே தோல் டாக்டர், சொந்தக் கைக்கு எண்ணெய் தடவத் தெரியல. நாளைக்கு அவங்க பார்த்தா என்ன நினைப்பாங்க?"

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். மகள் மாடிப்படியில் நின்று புடவைகளைத் தோளில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பா, பச்சையா, நீலமா?" என்றாள். அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து உண்மையைச் சொல்லலாம். வருகிறவர்களை வர வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் பித்தளைப் பலகை போகும்; வாழ்க்கைப்பட்ட பெண்களை அவரவர் வீட்டில் அருவருப்போடு பார்ப்பார்கள்; இவளைக் கேட்டு இனி ஒருவரும் வாசல் மிதிக்க மாட்டார்கள். மானம் என்பது ஒரு நாள் மட்டும் காப்பாற்றிக்கொள்கிற பொருளா என்ன?

"நீலம்," என்றார்.

மறுநாள் காலை குளியலறையைத் தாழிட்டுக்கொண்டார். வெந்நீரில் கையை ஊறவைத்தார். நுரைக்கல்லால் தேய்த்தபோது தோல் பாலாடையைப் போலச் சுருண்டு வந்தது. விளிம்பைப் பிடித்து இழுத்தார். மணிக்கட்டு வரை, விரல் விரலாக, ஒரு முழுக் கையுறை கழன்று பேசினில் தொப்பென்று விழுந்தது. உள்ளே இன்னொரு கை. அதுவும் தடித்திருந்தது. அதையும் உரித்தார். இன்னொன்று. புளித்த நெடி மூக்கை அடைத்தது. அதையும். எலும்பு தட்டுப்படவில்லை. கை மெலியவில்லை. கடைசியில் வந்தது மட்டும் குழந்தையின் கன்னம் போல வழவழவென்று, இளஞ்சிவப்பாக, சற்றே பிசுபிசுப்பாக இருந்தது. போதும். இது போதும். உரித்ததையெல்லாம் பையில் திணித்துக் கட்டினார்.

அவர்கள் மாலை வெயில் ஜன்னலில் இருக்கும்போதே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை, அம்மா, அப்பா. மாப்பிள்ளையின் அப்பா தொழிலதிபர். குரலும் உடம்பும் பெரிது. கல்யாண மோதிரம் சதையில் புதைந்திருந்தது. பேராசிரியர் வலது கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டே எல்லோரையும் வரவேற்றார். காபி வந்தது. நீலப் புடவை வந்தது. எல்லாம் நல்லபடியாகவே போயிற்று.

"டாக்டரே, ஒண்ணு கேட்கணும், தப்பா நினைச்சுக்கக் கூடாது. உங்க பேர்ல ஒரு வியாதியே இருக்காமே? பொண்ணோட சீதனமா அதுவும் எங்க வீட்டுக்கு வந்துடாதே?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"சும்மா இருங்களேன்," என்று மாப்பிள்ளையின் அம்மா கணவரின் தொடையில் இடித்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பேராசிரியர் முதுகை நிமிர்த்தினார். "எங்க வம்சத்துல அது யாருக்கும் வந்ததில்ல. வராது. அதை நிரூபிச்சவனே நான்தான்."

"அது போதும்! கையைக் கொடுங்க சம்பந்தி!"

எழுந்து வந்து நின்ற மனிதரின் நீட்டிய கையை மறுப்பது எப்படி? பேராசிரியர் கையை வெளியே எடுத்தார். பெரிய, சூடான, வியர்த்த உள்ளங்கை அவர் கையை வளைத்துக்கொண்டது. இதமாக இருந்தது. மிகவும் இதமாக. எதுவோ எதிலோ பொருந்தி அமர்ந்தது போல.

கையை எடுக்கப் பார்த்தார்.

வரவில்லை.

"பாருங்க, சம்பந்தி கையை விடவே மாட்டேங்கிறார்! அவ்வளவு பிரியம்!"

மறுபடி சிரிப்பு. "அப்பா, விடுங்கப்பா, அவர் காபி ஆறிடப் போகுது," என்றாள் மகள், வெட்கத்தோடு.

இழுத்தார். மாப்பிள்ளையின் அப்பாவும் இழுத்தார். தோல் மட்டும் கூடாரம் போலத் தூக்கிக்கொண்டு நீண்டு வந்து, மீண்டும் படிந்தது. வலி இல்லை. ரத்தம் இல்லை. எது யாருடைய தோல் என்று எல்லை பிரித்தே வாழ்நாளைக் கழித்த கண்கள் இரண்டு கைகளுக்கும் நடுவில் ஒரு கோட்டைத் தேடின. கோடு இல்லை. இளஞ்சிவப்பான, ஈரமான, வழவழப்பான ஒன்று அந்த மனிதரின் கணுக்களின் மேல் ஊர்ந்து ஏறியது. நகங்களை மூடியது. விரலிடுக்குகளை நிரப்பியது.

எதிரே இருந்த முகத்தில் சிரிப்பு இன்னும் மாறவில்லை. பார்வை மட்டும் கீழே இறங்கியிருந்தது.

புளித்த நெடி கூடத்தில் பரவியது. யாரோ மூக்கைச் சுளித்தார்கள்.

தோல் மோதிரத்தின் விளிம்பைத் தொட்டது. ஒரு கணம் நின்றது. பிறகு தங்கத்தின் மேல் மெல்ல ஏறி, அதையும் மூடிக்கொண்டு, மணிக்கட்டை நோக்கி நகர்ந்தது.