புள்ளியாய்ப் போன லோரி

'என் பாலைவனம் ஏன் கொடியில் தொங்குகிற துணி மாதிரி இருக்கிறது?'

ஓவிய வகுப்பில் தன் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த தனேஸ்வரி இதை வாய்விட்டுக் கேட்கவில்லை. பக்கத்து மேசை சரண் வாய்விட்டே கேட்டுவிட்டான்.

"என்ன இது? கைலி காயப்போட்டிருக்கியா?"

"மணல் மேடுடா!"

"எல்லாம் ஒரே அளவா இருக்கு லா. நடந்து போனா மூக்கு இடிக்கும்."

அவன் சொன்னது உண்மைதான். கீழே இருந்த மேடும் மேலே இருந்த மேடும் ஒரே உயரம், ஒரே பழுப்பு. வகுப்பில் வரைகிற படங்களில் ஒன்றுதான் கோலா சிலாங்கூரில் நடக்கும் போட்டிக்குப் போகும். அது தன் படமாக இருக்க வேண்டும் என்று தனேஸ்வரிக்குக் கொள்ளை ஆசை.

ஆனால் அவள் பாலைவனத்தைப் பார்த்ததே இல்லை. தொலைவு எப்படி இருக்கும்?

கண்ணை மூடினாள். அவள் வீடு இருக்கும் செம்பனைத் தோட்டத்துச் செம்மண் சாலைதான் நினைவில் வந்தது.

போன ஆண்டு, அவள் தோழி மாதவியின் குடும்பம் ரவாங்கிற்குக் குடிபோன நாள். மாதவியின் அம்மா மஞ்சள் வாளியில் வளர்ந்த துளசிச் செடியை லோரியின் பின்னால் இறுக்கிக் கட்டினார். மாதவி ஜன்னல் வழியே கையாட்டினாள்.

லோரி கிளம்பியது. முதலில் துளசி இலைகூடத் தெரிந்தது. பிறகு வெறும் பச்சையும் மஞ்சளும். பிறகு மஞ்சளும் வெளுத்தது. கடைசியில் வானத்தின் நிறத்தில் ஒரு புள்ளி. அதுவும் மறையும்வரை தனேஸ்வரி சாலையிலேயே நின்றாள்.

கண்ணைத் திறந்து புதுத் தாள் எடுத்தாள். அருகில் பெரிய மேடு, அழுத்தமான பழுப்பு. அடுத்ததைச் சிறிதாக்கி, நிறத்தில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாள். அதற்கடுத்ததில் இன்னும் தண்ணீர். கடைசி மேடு வானத்தோடு கலந்தது. அதன்மேல் ஒரு புள்ளி வைத்தாள்.

சரண் வாயைப் பிளந்தான். "உள்ள நடந்தே போகலாம் போல இருக்கே! என் மேட்டையும் கொஞ்சம் தள்ளி வை லா."

"தண்ணி தொட்டுக்கோ," என்று சிரித்துக்கொண்டே கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

விஜயராணி டீச்சர் படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார். "அருமைம்மா! ஆனா இது என்ன, ஈ உட்கார்ந்த மாதிரி? பெரிய ஒட்டகமா மாத்திடு. போட்டிக்கு இதையே அனுப்பிடலாம்."

"போடு, போடு!" என்று சரண் கிசுகிசுத்தான்.

தனேஸ்வரி அந்தப் புள்ளியையே பார்த்தாள். உற்றுப் பார்த்தால் அதில் கொஞ்சம் மஞ்சள் தெரிவது போல இருந்தது.

"அது அப்படியே இருக்கட்டும் டீச்சர்," என்றாள் மெல்ல. தூரிகையைக் கழுவித் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடினாள்.