கையோட வருதுக்கா

மழை பிடித்துக்கொண்ட ஒரு பிற்பகலில் தங்கச்சி குடையை உதறிக்கொண்டு பார்லருக்குள் நுழைந்தபோது, அக்கா தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு முடி வெட்ட ஒருவரும் வரவில்லை. ஆனாலும் கூட்டுவதற்கு முடி இருந்தது.

அக்கா என்றால் அந்தத் தெருவுக்கே அக்கா. பழைய வீடொன்றின் முன்னறையில் கண்ணாடியும் நாற்காலியும் போட்டு, ஊரார் தலைமுடியோடு மல்லுக்கட்டியே தங்கச்சியைப் படிக்கவைத்து, போன வருஷம் கல்யாணமும் செய்துகொடுத்தவள். வாய்தான் கொஞ்சம் நீளம். வருகிற பெண்களுக்கெல்லாம் பட்டப்பெயர் வைத்துவிடுவாள். அவசரக்காரி, தும்மல் டீச்சர், நீளச்சடை.

அந்த முடி நீளச்சடையுடையது. நீளச்சடை செத்துப்போய்ச் சில மாதங்கள் ஆகின்றன.

முதல் தடவை வந்தபோது அவள் ஓரத்து நாற்காலியில்தான் உட்கார்ந்தாள். இடுப்பைத் தாண்டித் தொங்கும் சடை. "முடி கையோட வருதுக்கா" என்றாள். அக்கா பிரித்துப் பார்த்தாள். காதுக்குப் பின்னால் ஓரிடம் வழுவழுவென்றிருந்தது. சீப்போடு கையைத் தூக்கியதும் அவள் வெடுக்கென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"கூச்சத்தப் பாரு! நான் என்ன அடிக்கவா போறேன்?" என்று அக்கா சிரித்தாள். கண்ணாடிக்குள் அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

"இது புழுவெட்டுடி. எண்ணெய் காய்ச்சித் தர்றேன், விடாம தேய்."

அங்கே முடி முளைத்தது. வேறோரிடத்தில் போனது. அக்கா எண்ணெயில் இன்னும் கொஞ்சம் மருந்தைக் கூட்டினாள். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கடைசியாக வந்த அன்று நீளச்சடை, "கழுத்தோட வெட்டிவிட்டுடுங்கக்கா" என்று கேட்டாள்.

"வாயக் கழுவு! இந்த முடிக்கு எத்தனை பேர் ஏங்குறாங்க தெரியுமா?"

"இது இப்ப அவருக்குப் புடிக்கத்தான் இருக்குக்கா."

"ஓஹோ, வீட்டுக்காரருக்கு அவ்வளவு புடிக்குதா? அப்ப சத்தியமா வெட்ட மாட்டேன், போ!"

கன்னத்தைக் கிள்ளி, புது எண்ணெய் பாட்டிலைக் கையில் திணித்து அனுப்பிவைத்தாள். மாடிப்படியில் கால் தவறி விழுந்துவிட்டாள் என்றுதான் முதலில் சேதி வந்தது. பிறகு எதிர்வீட்டுக்காரர்கள் கண்ணால் கண்டதைப் போலீசில் சொன்னார்கள். சடையைக் கையில் சுற்றிப் பிடித்து, தரதரவென்று இழுத்துக்கொண்டே படி இறங்கினானாம் புருஷன்.

அதன் பிறகுதான் ஓரத்து நாற்காலிக்கடியில் தினமும் ஒரு கொத்து முடி கிடக்க ஆரம்பித்தது. நீள நீளமாக. கத்திரி பட்ட முடி அல்ல. ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளையாக வேர் இருந்தது.

அக்கா யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள். கூட்டி அள்ளுவாள், அழுவாள், கடையைத் திறப்பாள்.

இப்போது தங்கச்சி நேரே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அங்க வேண்டாம்டி, இந்தப் பக்கம் வா" என்பதற்குள் கொண்டையை அவிழ்த்துவிட்டாள்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்க்கா. அப்படியே எண்ணெய் ஏதாவது இருந்தா குடு. முடி கையோட வருது."

வாரிவிடச் சீப்பை எடுத்த அக்காவின் கை அப்படியே நின்றது.

மழைக்கு முன்னறை இருட்டிக்கொண்டு வந்தது. எங்கிருந்தோ எண்ணெய் வாசனை. அந்த எண்ணெய்தான். நீளச்சடை போன பிறகு அக்கா அதைக் காய்ச்சவே இல்லை.

சிக்குப் பிடித்த முடியில் சீப்பு இழுபடும் சத்தம் கேட்டது.

அக்காவின் சீப்பு அசையவில்லை.

"புது வீட்டுத் தண்ணி ஒத்துக்கலையோ என்னமோ" என்று அக்கா பழக்கதோஷத்தில் சொல்லப்போனாள். அதற்குள் பிடரியில் ஈரமாக ஒரு மூச்சு பட்டது.

"யாரு கையோடக்கா?"

தங்கச்சியின் குரல் அல்ல. கண்ணாடியில் தங்கச்சி வாயை இறுக மூடி உட்கார்ந்திருந்தாள்.

"கேளுங்கக்கா."

அக்கா விரலால் தங்கச்சியின் முடியை விலக்கினாள். காதுக்குப் பின்னால், வழுவழுவென்று, ஓரிடம்.

"யாரு கையோட வருதுடி?"

தங்கச்சி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. "எம்மேலயும் தப்பு இருக்குக்கா. கோவம் வந்தா மட்டுந்தான். மத்த நேரம் தங்கமானவருதான்..."

அதற்கு மேல் அழுகைதான். அக்கா அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள். நீளச்சடைக்கும் சேர்த்து அழுதாள்.

போன் அடித்தது. மாப்பிள்ளை. அக்காவே எடுத்தாள்.

"இங்கதான் இருக்கா. இனிமே இங்கதான் இருப்பா."

"என்னங்க பேசறீங்க? நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

"வாங்க. போலீசையும் வரச் சொல்லி வெக்கறேன்."

அக்கா போனை வைத்துவிட்டாள்.

தங்கச்சி உள்ளறையில் அழுது ஓய்ந்து தூங்கிப்போனாள். விளக்கு வைக்கும் நேரம். அக்கா முன்கதவைத் தாழிட்டுவிட்டு, கத்திரியை எடுத்துக்கொண்டு ஓரத்து நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். இருக்கையில் யாருமில்லை. இருந்தும் அது யாரோ உட்கார்ந்ததுபோல் அமுங்கியிருந்தது.

"உம் பேரக்கூட நீ போன பிறகுதாம்மா கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றாள். "நீ சொல்லத்தான் செஞ்ச. எனக்குத்தான் காது இல்லாமப் போச்சு. வெட்டிவிடவா?"

வெறும் காற்றில் கத்திரியை வைத்து அழுத்தினாள்.

கத்திரி முடியைக் கடித்தது.

நறநறவென்று, அடர்ந்த முடியை வெட்டும் அதே சத்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை வெட்டினாள். தரையில் பொத்தென்று ஏதோ விழுந்தது. குனிந்து பார்த்தாள். இடுப்பைத் தாண்டும் சடை, கழுத்தோடு வெட்டுப்பட்டு, சுருண்டு கிடந்தது.

அக்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்பாடா, இனி அவனுக்குப் பிடிக்க ஒன்றுமில்லை என்று நினைத்தாள். பல நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினாள்.

காலையில் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஓரத்து நாற்காலிக்கடியில் ஒரு கொத்து முடி கிடந்தது. கழுத்தளவுக் குட்டை முடி.

வேரோடு.